நடக்காத சீசன்: 2020-ல ஒரு காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு என்ன ஆச்சு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்களில் சுருக்கி, திருத்தியிருக்கோம்.)

வழக்கமா இந்த நிகழ்ச்சியில ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்து, அது எப்படி வேலை செய்யுதுன்னு பேசுவோம். இன்னிக்கும் அதேதான். ஆனா இந்தத் தடவை உதாரணம் நானே.

நான் ஜவ்வாது மலைக்காரன். ஜமுனாமரத்தூர்ல இருந்து இன்னும் உள்ள போகணும் எங்க ஊருக்கு. 2018-ல திருப்பத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். காலேஜ் பேர் வேண்டாம், கதைக்கு அது தேவையும் இல்ல. அங்க ஃபுட்பால் டீம்ல லெஃப்ட் பேக். 2018-ல இருந்து 2021 வரைக்கும் மூணு வருஷம். அதாவது கணக்குப்படி மூணு சீசன். ஆனா நான் ஆடினது ரெண்டுதான்.

மூணாவது சீசன் எங்க போச்சு, அது போனதால யாருக்கு என்ன நஷ்டம், உலகத்துல மத்த இடங்கள்ல இதே பிரச்னையை எப்படிச் சமாளிச்சாங்க, இதைத்தான் இன்னிக்குப் பேசப்போறோம்.

ஆளே இல்லாத ஒரு ஃபைனல்

2020 மார்ச் 14, சனிக்கிழமை. ஹாஸ்டல் டிவி ரூம்ல அறுபது பேர் உட்கார்ந்திருக்கோம். ஐ.எஸ்.எல். ஃபைனல். சென்னையின் எஃப்.சி.க்கும் ஏ.டி.கே.வுக்கும் கோவா ஃபதோர்டா ஸ்டேடியத்துல ஆட்டம். ஸ்டேடியத்துல ரசிகர்னு ஒருத்தர் கிடையாது. கொரோனா பயத்துல பூட்டின ஸ்டேடியத்துல நடத்தினாங்க. பந்தை உதைக்கிற சத்தம், கோச் கத்துறது, கோல்கீப்பர் திட்டுறது எல்லாம் தெளிவா டிவியில கேட்குது. முதல்ல எங்களுக்கு அது காமெடியா இருந்துச்சு. 'நம்ம மேட்ச் மாதிரியே இருக்குடா, பார்க்க ஆளே இல்ல'ன்னு எங்க கீப்பர் சொன்னான். சென்னையின் 3-1-னு தோத்தாங்க. திட்டிக்கிட்டே தூங்கப் போனோம்.

ரெண்டே நாள். மார்ச் 16 சாயங்காலம், தமிழ்நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரி எல்லாத்தையும் 31-ம் தேதி வரைக்கும் மூடச் சொல்லி அரசு அறிவிச்சுது. மறுநாள் காலையில ஹாஸ்டல் காலி. ரெண்டு வாரம்தானேன்னு நாங்க யாரும் பூட்ஸை எடுத்துக்கிட்டுப் போகல. ஸ்போர்ட்ஸ் ரூம்ல ஷெல்ஃப்லயே விட்டுட்டுப் போனோம். அந்த ரூம் திரும்பத் திறந்தது டிசம்பர்ல.

ஏன் அந்த மூணாவது வருஷம் அவ்வளவு முக்கியம்?

இதைப் புரிஞ்சுக்க, காலேஜ் ஃபுட்பால் நம்ம ஊர்ல எப்படி நடக்குதுன்னு தெரியணும்.

முதல் படி, இன்டர்-காலேஜ். ஒரே பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருக்குற கல்லூரிகள் மோதும். அதுல நல்லா ஆடினவங்களைத் தேர்வுக்குக் கூப்பிடுவாங்க. அங்கிருந்து ஒரு கேம்ப். கேம்ப்ல இருந்து பல்கலைக்கழக டீம். அந்த டீம் தென்மண்டல இன்டர்-யுனிவர்சிட்டி போட்டிக்குப் போகும். அதுல மேல வந்தா அகில இந்தியப் போட்டி. இந்த இன்டர்-யுனிவர்சிட்டி போட்டிகளை நடத்துறது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்.

இப்ப கேட்கலாம், 'சரிடா, ஆடினா சந்தோஷம், ஆடலைன்னா வருத்தம். இதுல வாழ்க்கைப் பிரச்னை எங்க வந்துச்சு?' அந்தச் சர்ட்டிபிகேட்லதான் வந்துச்சு.

அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுல சில படிவங்கள் உண்டு. இந்தியாவுக்காக ஆடினவங்களுக்கு படிவம் 1. மாநிலத்துக்காக ஆடினவங்களுக்கு படிவம் 2. பல்கலைக்கழகத்துக்காக இன்டர்-யுனிவர்சிட்டி போட்டியில ஆடினவங்களுக்கு படிவம் 3. கவனிங்க, காலேஜுக்காக ஆடினது இதுல எங்கயுமே வராது. நான் ரெண்டு வருஷம் எங்க காலேஜுக்காக ஓடின ஓட்டத்துக்கு வீட்டுல மாட்ட ஒரு கப் உண்டு. வேலைக்குக் காட்ட ஒண்ணும் கிடையாது. பல்கலைக்கழக ஜெர்சியைப் போட்டாதான் படிவம் 3.

தமிழ்நாடு போலீஸ் காவலர் தேர்வுல விளையாட்டு ஒதுக்கீடு 10 சதவீதம். சென்னையில, கோயம்புத்தூர்ல வளர்ந்தவங்களுக்கு இது சாதாரண தகவலா இருக்கலாம். எங்க மலையில அப்படி இல்ல. எங்க ஜனங்க மலையாளி பழங்குடி. பேரைக் கேட்டுட்டு 'கேரளாவா?'ன்னு கேட்பீங்க, இல்ல. மலையில ஆளுறவங்க, அதனால மலையாளின்னு எங்க பெரியவங்க விளக்கம் சொல்வாங்க. சாமை, தேன், புளி, பலா, சீதாப்பழம், இதுதான் மலையோட வருமானம். அது பத்தாதப்போ கர்நாடகா காபி எஸ்டேட், திருப்பூர், கட்டட வேலைன்னு கீழ இறங்கணும். சில பேர் செம்மரம் வெட்டுற புரோக்கர்கிட்ட மாட்டிப்பாங்க. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திரா சேஷாசலம் காட்டுல 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க இல்லையா, அதுல எங்க மலைக்காரங்களும் உண்டு. அதனால ஒரு காக்கிச் சட்டை, மாசச் சம்பளம்னா எங்க வீட்டுல அதுக்கு இருக்குற மதிப்பே வேற.

ரெண்டாவது வருஷம் எங்க டீம் இன்டர்-காலேஜ் செமி ஃபைனல்ல தோத்துச்சு. ஆனா என்னையும் எங்க கீப்பரையும் பல்கலைக்கழகத் தேர்வுக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் ஸ்டாண்ட்-பை லிஸ்ட். அதாவது யாருக்காவது அடிபட்டா நாங்க. யாருக்கும் அடிபடல. கேம்ப் முடிஞ்சு கிளம்பும்போது அங்க இருந்த கோச் என் தோள்ல தட்டி, "இடது கால் நல்லா இருக்கு தம்பி. அடுத்த வருஷம் நீ உறுதியா இருப்ப. வந்துடு" அப்படின்னார்.

அந்த அடுத்த வருஷம்தான் 2020-21.

டவர் பாறையில டிரெயினிங்

மார்ச் 25-ல இருந்து நாடு முழுக்க ஊரடங்கு. எங்க கோச் சார் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சார். தினமும் ஒரு வீடியோ. ஸ்குவாட், பிளாங்க், படிக்கட்டு டிரில். கீழ இருக்குற பசங்க மாடியில செஞ்சு ரெக்கார்டு பண்ணி அனுப்புவாங்க.

எங்க ஊர்ல டவர் கிடைக்கிறது ஒரே ஒரு பாறை மேல. அங்க ஏறினா ரெண்டு கோடு வரும். மேகம் இறங்கினா அதுவும் போயிடும். எங்க மலையிலதான் காவலூர் வானாய்வகம் இருக்கு, வைணு பாப்பு பேர்ல. அங்க 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-ல திறந்தது. இருட்டு நல்லா இருக்குன்னுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. எத்தனையோ ஒளியாண்டு தூரத்துல இருந்து வர்ற வெளிச்சத்தை அங்க பிடிக்கிறாங்க, நமக்கு ஆலங்காயம் டவர் பிடிக்கலையேன்னு நாங்க சொல்லிச் சிரிப்போம்.

2021 ஜனவரியில கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி இலவச டேட்டா கொடுக்கிறதா அரசு அறிவிச்சுது, சுமார் 9.7 லட்சம் பேருக்கு. நல்ல திட்டம்தான். ஆனா டேட்டா இருந்தும் டவர் இல்லாத ஊர்ல அது பெட்டியில வெச்ச புதுத்துணி மாதிரி. பாறைக்குப் போனாதான் உடுத்த முடியும்.

இன்னொரு விஷயம் மாவட்ட எல்லை. ஜவ்வாது மலை ஒண்ணுதான். ஆனா திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர்னு மூணு மாவட்டத்துல விரிஞ்சு கிடக்கு. திருப்பத்தூர் தனி மாவட்டமா செயல்பட ஆரம்பிச்சதே 2019 நவம்பர்லதான். அதுவரைக்கும் எங்களுக்கு அந்தக் கோடு பெரிசா தெரியாது. 2020 ஜூலையில மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேணும்னதும்தான் தெரிஞ்சுது. என் ஊர் ஒரு மாவட்டம், காலேஜ் கிரவுண்டு இன்னொரு மாவட்டம். புளியைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாம வீட்டுல மூட்டை மூட்டையா கிடந்தப்போ, நான் அம்மாகிட்ட 'பூட்ஸ் எடுத்துட்டு வரணும்'னு சொன்னேன். அம்மா ஒரு பார்வை பார்த்தாங்க, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

மூச்சு இருந்துச்சு, வேகம் இல்ல

இங்க கொஞ்சம் உடம்பு பத்திப் பேசிடலாம். பயிற்சியை நிறுத்தினா உடம்புல என்ன ஆகும்?

முதல்ல குறையுறது தாங்குதிறன். அது ரெண்டு வாரத்துலயே ஆரம்பிச்சுடும். ரத்தத்துல இருக்குற பிளாஸ்மா அளவு குறையும். அதனால இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளுற ரத்தம் குறையும். அதே வேகத்துல ஓட, இதயம் இன்னும் வேகமா துடிக்கணும். தசையோட பலம் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும்.

மலைப் பசங்களுக்கு இதுல ஒரு வசதி. தண்ணிக்கு, விறகுக்கு, ஆடு மேய்க்கன்னு தினம் ஏறி இறங்குறோம். அதனால எங்களுக்கு மூச்சு போகல. ஆனா ஃபுட்பால் வெறும் மூச்சு இல்ல. முழு வேகத்துல ஓடி, சட்டுனு நின்னு, திரும்பி, மறுபடி ஓடணும். முழு வேகத்துல ஓடும்போது, கால் முன்னாடி வீசி தரையைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, தொடைக்குப் பின்னாடி இருக்குற ஹாம்ஸ்ட்ரிங் தசை நீண்டுக்கிட்டே பிரேக்கும் போடுது. அந்த வேலைக்குத் தசையைப் பழக்கணும்னா முழு வேகத்துல ஓடியே ஆகணும். மலை ஏறுறது அதைப் பழக்காது.

தொழில்முறை ஆட்டத்துக்கும் இதே பயம் இருந்துச்சு. ஜெர்மனி புண்டஸ்லிகா 2020 மே 16-ம் தேதி மறுபடி ஆரம்பிச்சது. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, மே 8-ல, மூணு மாற்று ஆட்டக்காரர்களுக்குப் பதிலா அஞ்சு பேர் வரைக்கும் மாத்தலாம்னு விதியைத் தற்காலிகமா தளர்த்தினாங்க. ரெண்டு மாசம் வீட்டுல உட்கார்ந்தவங்க, குறைஞ்ச நாள்ல நிறைய மேட்ச் ஆடணும், அடிபடும்னுதான். 2022-ல அது நிரந்தர விதியாவே ஆயிடுச்சு. இன்னிக்கு நீங்க டிவியில அஞ்சு மாற்றம் பார்க்குறீங்கன்னா, அது பெருந்தொற்றுக் காலத்தோட மிச்சம்.

எங்களுக்கு என்ன ஆச்சுன்னா, 2020 டிசம்பர் 7-ல இறுதியாண்டு மாணவர்களுக்குக் காலேஜ் திறந்தாங்க. ஸ்போர்ட்ஸ் ரூமைத் திறந்தா ஒரே பூஞ்சை வாடை. என் பூட்ஸ்ல சோல் பசை விட்டு வாயைப் பிளந்துகிட்டு இருக்கு. நூல் போட்டுத் தெச்சு மாட்டினேன். மூணாவது நாளே எங்க ஸ்ட்ரைக்கர் ஒரு பந்தைத் துரத்தினவன், பாதியில தொடையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான். ஹாம்ஸ்ட்ரிங். ஆறு வாரம் போச்சு அவனுக்கு. அவன் அவசரப்பட்டான்னு சொல்ல மாட்டேன். ஒன்பது மாசம் காத்திருந்தவன் பந்தைப் பார்த்தா துரத்தத்தான் செய்வான்.

சீசனை நிறுத்தினா, கணக்கை எப்படி முடிக்கிறது?

பாதியில நின்ன சீசனை என்ன செய்யலாம்? 2020-ல உலகம் முழுக்க மூணு வழி பார்த்தோம்.

ஒண்ணு, இருக்குற புள்ளிப் பட்டியலை வெச்சே முடிச்சுடுறது. நம்ம ஐ-லீக் அப்படித்தான் முடிஞ்சுது. மோகன் பகான் மார்ச் 10-லயே கோப்பையை உறுதி பண்ணிட்டாங்க. மிச்சம் இருந்த 28 மேட்சை ரத்து பண்ணிட்டாங்க. யாரையும் கீழ் டிவிஷனுக்கு இறக்கல. பிரான்ஸ்லயும் இதே மாதிரி, பி.எஸ்.ஜி. சாம்பியன்னு அறிவிச்சாங்க.

ரெண்டாவது, சாம்பியனே இல்லைன்னு சொல்றது. நெதர்லாந்து அப்படிச் செஞ்சுது.

மூணாவது, எப்படியாவது ஆடி முடிக்கிறது. இங்கிலாந்து ஜூன்ல மறுபடி ஆரம்பிச்சுது. நம்ம ஐ.எஸ்.எல். அடுத்த சீசனை, 2020 நவம்பர் 20-ல இருந்து 2021 மார்ச் 13 வரைக்கும், முழுக்க கோவாவுல மூணே ஸ்டேடியத்துல நடத்துச்சு. எல்லா டீமையும் ஹோட்டல்ல அடைச்சு, தொடர்ந்து டெஸ்ட் எடுத்து, வெளி ஆள் யாரும் உள்ள வராம. இதைத்தான் பயோ-பபிள்னு சொன்னாங்க.

மூணாவது வழிக்குப் பணம் வேணும். ஹோட்டல் வேணும், டாக்டர் வேணும், டெஸ்ட் வேணும். எங்க டீமுக்கு மேட்ச் அன்னிக்கு வாழைப்பழமும் குளுக்கோஸும் வாங்கவே சார் கைக்காசு போடுவார். காலேஜ் டீமை பபிள்ல வெச்சு ஆட வைக்கிறது நடக்குற காரியம் இல்ல.

'அமெரிக்காவுல காலேஜ் டீம் ஆடினாங்களே?'ன்னு கேட்பீங்க. ஆமா, ஆடினாங்க. அங்க காலேஜ் ஃபுட்பால்னா ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டை வடிவப் பந்தோட ஆடுற ஆட்டம். அது பெரிய வியாபாரம். டிவி ஒப்பந்தம் கோடிக்கணக்கான டாலர். பிக் டென்னு ஒரு முக்கியமான லீக் 2020 ஆகஸ்ட் 11-ல சீசனைத் தள்ளிவெச்சாங்க. ஒரே மாசத்துல, செப்டம்பர் 16-ல, முடிவை மாத்தி அக்டோபர்ல ஆரம்பிச்சுட்டாங்க. ஒஹாயோ ஸ்டேட் டீம் வெறும் ஆறு மேட்ச் ஆடிட்டு பிளே-ஆஃப் போச்சு. 2021 ஜனவரி 11-ல நடந்த ஃபைனல்ல அலபாமாகிட்ட 52-24-னு தோத்தாங்க.

நூறு வருஷம் முன்னாடியும் இது நடந்திருக்கு. 1918 இன்ஃப்ளூயன்சா வந்தப்போ அங்க பல டீம் சில மேட்ச்தான் ஆடினாங்க. ஜார்ஜியா டெக் மேட்ச் ஒண்ணுல எடுத்த போட்டோ இணையத்துல கிடைக்கும், பாருங்க. கேலரியில மக்கள் முகக்கவசத்தோட உட்கார்ந்திருப்பாங்க. அதே வருஷம் இந்தியாவுல ஒரு கோடிக்கும் மேல மக்கள் செத்தாங்க.

தள்ளிவெச்சதும் ரத்தானதும் ஒண்ணு இல்ல

இப்ப விஷயத்தோட மையத்துக்கு வருவோம். லீக் ஒரு வருஷம் நின்னா, கிளப் இருக்கும். சென்னையின் எஃப்.சி. அடுத்த வருஷமும் சென்னையின் எஃப்.சி.தான். ஆனா வயசு வரம்பு உள்ள ஆட்டத்துலயும் காலேஜ் ஆட்டத்துலயும் அப்படி இல்ல. டீம் இருக்கும், ஆள் இருக்க மாட்டான்.

ஒலிம்பிக் ஆண்கள் ஃபுட்பாலை எடுத்துக்குங்க. 23 வயசுக்கு உட்பட்டவங்க ஆட்டம். டோக்கியோ ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. 1997 ஜனவரி 1 அல்லது அதுக்கு அப்புறம் பிறந்தவங்கங்கிற பழைய விதியையே ஃபிஃபா வெச்சுக்கிச்சு. அதனால 24 வயசு ஆனவங்களும் ஆட முடிஞ்சுது. போட்டி நகர்ந்தப்போ கோட்டையும் சேர்த்து நகர்த்தினாங்க.

இப்ப இன்னொண்ணு. 17 வயசுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை. 2020 நவம்பர்ல இந்தியாவுல நடக்க வேண்டியது. முதல்ல 2021 பிப்ரவரிக்குத் தள்ளினாங்க. அப்புறம் 2020 நவம்பர்ல மொத்தமா ரத்து. பதிலா 2022 போட்டி இந்தியாவுக்குன்னு சொன்னாங்க, அது நடக்கவும் செஞ்சுது. நாட்டுக்குக் கணக்கு நேரா போச்சு. ஆனா 2020 போட்டிக்குத் தகுதி 2003-ல இருந்து பிறந்தவங்க. 2022-க்கு 2005-ல இருந்து பிறந்தவங்க. அப்போ 2003-லயும் 2004-லயும் பிறந்து, வருஷக்கணக்கா அந்த ஒரு போட்டிக்காகப் பயிற்சி எடுத்த பொண்ணுங்க? சொந்த மண்ணுல உலகக் கோப்பை ஆடுற வாய்ப்பு அவங்களுக்கு வரவே இல்ல. அவங்க எந்த மேட்ச்லயும் தோக்கல. பிறந்த வருஷம் மட்டும்தான் இடிச்சுது.

அமெரிக்காவுல காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பு, அந்தச் சீசன்ல இருந்த ஆட்டக்காரங்களுக்கு இன்னொரு வருஷம் ஆட அனுமதி கொடுத்துச்சு. நானும் இதைத்தான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன், நமக்கும் ஒரு வருஷம் கூட்டிக் கொடுத்திருக்கலாமேன்னு. ஆனா யோசிச்சா, அங்க அது வேலை செஞ்சதுக்குக் காரணம், படிப்பை நீட்டிக்கவோ மேல்படிப்பு சேரவோ வழியும் ஸ்காலர்ஷிப்பும் பலருக்கு இருந்துச்சு. இங்க மூணு வருஷ பி.ஏ. முடிஞ்சா கையில டி.சி. அன்னியோட நீ மாணவன் இல்ல. மாணவனா இருந்தாதான் ஆட முடியும். ஒரு வருஷம் கூட்டிக் கொடுத்திருந்தாலும், அந்த ஒரு வருஷம் எம்.ஏ. படிச்சுக்கிட்டு ஆட எங்க வீட்டுல முடிஞ்சிருக்குமான்னு தெரியல.

கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியும் இதே கதை. முதல் போட்டி 2020 பிப்ரவரி, மார்ச்ல புவனேஸ்வர்ல நடந்துச்சு. அடுத்தது '2021' பேரோட 2022 ஏப்ரல் 24-லதான் பெங்களூருல ஆரம்பிச்சுது. பேர்ல 2021 இருக்கு. அந்த வருஷம் டிகிரி முடிச்சு வெளிய வந்த நாங்க அதுல இல்ல.

எங்க ஒரே மேட்ச்

டிசம்பர்ல திரும்பினது இறுதியாண்டு பசங்க மட்டும்தான்னு சொன்னேன் இல்ல. ஒரு காலேஜ் டீம்ல மூணு வருஷப் பசங்களும் கலந்து இருப்பாங்க. எங்க ரெண்டு சென்டர் பேக்கும் இரண்டாம் ஆண்டு. அதனால டீமே முழுசா ஒண்ணு சேர முடியல. 2021 பிப்ரவரி 8-ல மத்தவங்களுக்கும் திறந்தாங்க. அப்பவும் லிஸ்ட்ல இருந்த 22 பேர்ல வந்தது 13 பேர். மத்தவங்க ஆம்பூர் ஷூ கம்பெனி, பெங்களூரு, கட்டட வேலைன்னு போயிட்டாங்க. படிப்பை விடல, ஆன்லைன்ல இருக்கோம்னு சொன்னாங்க. அட்டெண்டன்ஸ் ஆன்லைன்ல போடலாம், கார்னர் கிக்கை அப்படிப் போட முடியாதே.

எங்க பல்கலைக்கழகத்துல அந்த வருஷம் இன்டர்-காலேஜ் நடக்கல. கீழ மேல எல்லாப் படியும் போச்சு. தேர்வு இல்ல, கேம்ப் இல்ல, பல்கலைக்கழக டீம் இல்ல. படிவம் 3-ம் இல்ல.

மார்ச் நடுவுல சார் ஒரு டவுன் கிளப்பைக் கூப்பிட்டு நட்பு ஆட்டம் வெச்சார். 'கடைசி வருஷப் பசங்க ஒரு மேட்ச்சாவது ஆடிட்டுப் போங்கடா'ன்னார். 13 பேர்ல 11 பேர் ஆடினோம், ரெண்டு பேர் பெஞ்ச். ரெஃபரிக்கு விசில் ஊதணும்னா முகக்கவசத்தைக் கழட்டணும், அதனால பாதி ஃபவுலுக்கு ஊதவே இல்ல. 2-2-ல முடிஞ்சுது. முதல் கோலுக்கு கிராஸ் கொடுத்தது நான், இடது கால்ல. தெச்ச பூட்ஸ் அதோட பிஞ்சுபோச்சு, ரெண்டாவது பாதியில ஜூனியர் ஒருத்தன் பூட்ஸை வாங்கி, அரை சைஸ் சின்னதா, விரலை மடக்கிக்கிட்டு ஆடினேன்.

அடுத்த வாரம் கேஸ் ஏறுதுன்னு காலேஜை மறுபடி மூடிட்டாங்க. பரீட்சை ஆன்லைன்ல. டவர் பாறை மேல உட்கார்ந்து எழுதி, ஃபோட்டோ பிடிச்சு அனுப்பி டிகிரி வாங்கினேன். ஃபேர்வெல்னு ஒண்ணு நடக்கவே இல்ல.

அப்புறம்?

எங்க கீப்பர் 2020 செப்டம்பர்ல வந்த காவலர் தேர்வு அறிவிப்புக்கே விண்ணப்பிச்சான். 10,906 இடம். டிசம்பர் 13-ல எழுத்துத் தேர்வு. விளையாட்டு ஒதுக்கீட்டுப் பக்கத்தைப் பார்த்துட்டு, ஃபார்ம்ல அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுட்டேன் மச்சான்னு சொன்னான். அந்தத் தடவை கொஞ்ச மார்க்குல போச்சு. அடுத்த தடவை எழுதினான். அதுவும் இல்ல. இப்ப ஜமுனாமரத்தூர்ல செல்போன் கடை வெச்சிருக்கான். காலையில எங்க பழைய உண்டு உறைவிடப் பள்ளி கிரவுண்டுல சின்னப் பசங்களுக்கு கோல்கீப்பிங் சொல்லித் தர்றான். பந்து கிரவுண்டைத் தாண்டினா சரிவுல உருண்டு பாதி மலை போயிடும், எடுத்துட்டு வர அரை மணி நேரம். அதனால அவன் பசங்க பந்தை வெளிய விடவே மாட்டாங்க.

'நமக்குக் கிடைச்சிருக்கும்னு நினைக்கிறியாடா?'ன்னு போன மாசம் அவன்கிட்ட கேட்டேன். டீம்ல இடம், படிவம், வேலை எல்லாத்தையும் சேர்த்துத்தான் கேட்டேன்.

"தெரியாது மச்சான். தோத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" அப்படின்னான்.

ரொம்ப நாளா எனக்குச் சொல்லத் தெரியாம இருந்தது அதுதான். ஊரடங்கு தப்புன்னு நான் சொல்லல. 2021 மே மாசம் எங்க மலையிலயும் ஜனங்க போனாங்க. என் பாட்டி அதுல ஒருத்தங்க. மேட்ச் நின்னது சரி. ஆனா நின்னதுக்கு அப்புறம் கணக்கை எப்படி முடிக்கிறோம்ங்கிறது ஒரு முடிவு. வைரஸ் அதை எடுக்கல, மனுஷங்கதான் எடுத்தாங்க. ஒலிம்பிக்ல ஒரு தேதியை நகர்த்த முடிஞ்சுது. அதே மாதிரி ஒரு வேலை ஒதுக்கீட்டு விதியில, 'இந்த ஒரு வருஷம் போட்டியே நடக்கல, அதனால இந்த பேட்சுக்கு இன்டர்-காலேஜ் ஆட்டத்தையும் தேர்வுப் பட்டியலையும் கணக்குல எடுக்கலாம்'னு ஒரு வரி சேர்க்கிறது பத்தி யோசிச்சிருக்கலாம். பெரிய செலவு கிடையாது. அடுத்த தடவை இப்படி ஒரு வருஷம் வந்தா, மூடுறதுக்கான உத்தரவு எழுதும்போதே அந்த வரியையும் சேர்த்து எழுதுங்கன்னு கேட்கத்தான் இந்த எபிசோட்.

உங்க காலேஜ் டீமுக்கும் இப்படி நடக்காத ஒரு சீசன் இருந்தா, ஃபுட்பால் மட்டும் இல்ல, கபடி, வாலிபால், என்.சி.சி. கேம்ப் எதுவா இருந்தாலும், ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சிலதைப் போடுறோம்.

நான் இந்த வாரக் கடைசியில மலைக்குப் போறேன். கீப்பர் பசங்களுக்கு ரெண்டு பந்து வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கான். பூட்ஸும் எடுத்துட்டு வாடான்னான். எடுத்துக்கிட்டுத்தான் போறேன்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. வணக்கம்.